மன்னார்க் கரையும் ஊர்ப் பணியும்

ஊர் கூடினால் தேர் நகரும் என்பது பழமொழி. தேர் ஆண்டுக்கொருமுறை நகர்வது. ஆதலால் வடம் பிடிக்கப் பலர் வருவர். தேர் நிலைக்கு வந்த பின்னர் வீதியிற் கிடக்கும் வாழையிலைகளையும் தேங்காய்ச் சிதறல்களையும் அள்ளுவோர் யாவர் என்று கேட்போர் மிகச் சிலரே. ஊர் கூடிச் செய்யும் துப்புரவுப் பணியின் வரலாற்றை ஆராயப் புகுவோர் இந்த இரண்டாம் வினாவுக்கு விடை தேடியே ஆகவேண்டும். அவ்வினா மிகக் கூர்மையாக எழும் இடங்களுள் ஒன்று மன்னார்.

மன்னார்த்தீவு இலங்கையின் வடமேற்குக் கரையிலிருந்து இராமேசுவரத்தை நோக்கி நீண்டு கிடக்கும் மணற்றிட்டாகும். தாம்போதியும் பாலமும் அதனைப் பெருநிலத்தோடு இணைக்கின்றன. மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் வரை செல்லும் வீதியின் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வடக்கே பாக்குக் கடல். தெற்கே மன்னார் வளைகுடா. தீவில் மலையுமில்லை, ஆறுமில்லை. மாரியிற் பெய்யும் மழை மணலுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது என்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நிற்குமாயின், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நீரியல் அறிஞர் கண்ட பொதுவிதி. இக்கணக்கு மறுதலையாகவும் செல்லும். மேலே ஓரடி குறையின், கீழேயிருந்து 40 அடி உவர் எழும். ஆகவேதான் முன்னோர் இத்தகைய மணற்பாங்குகளில் ஆழக் கிணறு தோண்டாது, பூவல் எனப்படும் ஆழமற்ற குழிகளிலிருந்து நீரை அளவோடு மொண்டனர்.

இந்த நிலவமைப்பிலிருந்து மற்றோர் உண்மையும் பெறப்படும். மணல் நீரை விரைந்து உறிஞ்சுவது. அவ்வளவு விரைவாகவே அழுக்கையும் கீழே விடுவது. குப்பைக்குழியும் மலகூடக்குழியும் குடிநீர்க் கிணறும் ஒரே மணலிலேயே உள்ளன. களிமண் நிலத்தில் ஒருவன் செய்யும் அசுத்தம் அவன் வளவோடு நிற்றல் கூடும். மன்னாரில் அது அயலவனின் வாளியில் ஏறும். எனவே இத்தீவில் துப்புரவு என்பது கண்ணுக்கினிய காட்சியை உண்டாக்கும் முயற்சி என்ற அளவில் நின்றுவிடாது, குடிநீரைக் காக்கும் முயற்சியாகவும் விளங்குகிறது.

ஊரவர் ஒன்றுகூடிப் பொதுவிடத்தைத் திருத்தும் வழக்கம் இக்கரைக்குப் புதியதன்று. அதன் மூத்த வடிவத்தைக் காண விரும்புவோர் தீவைக் கடந்து பெருநிலத்திலுள்ள கட்டுக்கரைக் குளத்துக்குச் செல்லவேண்டும். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் ஆண்ட தாதுசேனன் காலத்ததென்று ஆய்வாளர் பலர் கொள்ளும் இப்பெருங்குளம், அருவியாற்றிலே தேக்கம் என்னுமிடத்தில் மறிக்கப்பட்ட நீரைப் பெற்று, நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களுக்கு ஊட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில அரசாங்கம் இதனைத் திருத்தியமைக்கத் தொடங்கிற்று. பெருங்குளத்தை அரசு கட்டலாம். ஆனால் வயல்வரை நீரைக் கொண்டு செல்லும் வாய்க்காலில் ஆண்டுதோறும் படியும் வண்டலையும், அணைக்கட்டில் முளைக்கும் பற்றைகளையும் அகற்றுவது அவ்வக் கிராமத்தார் கைகளிலேயே இருந்தது. வயலின் பரப்புக்கேற்ப அணையும் வாய்க்காலும் பங்கிடப்பட்டன. பெரும்போக மழைக்கு முன்னர் ஒவ்வொருவனும் தன் பங்கை வெட்டித் துப்புரவாக்குவான். அவன் செய்யாதொழியின் உடைப்பெடுக்கும் இடம் எதுவென்பதை ஊரே அறியும்.

இவ்வழக்கத்துக்கு ஒருகாலத்தில் தளர்ச்சி நேர்ந்தது. ராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழியம், கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையைத் தொடர்ந்து 1832இல் ஒழிக்கப்பட்டது. மனிதனின் உழைப்பை அவன் விருப்பமின்றிப் பறிக்கும் முறை ஒழிந்தது நன்மையே என்பதில் ஐயமில்லை. ஆயினும் கட்டாயம் நீங்கியபோது, அதனோடு பின்னிக் கிடந்த குளப்பணி ஒழுங்கும் பல இடங்களிற் குலைந்தது. இதனை உணர்ந்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் பிறந்தது. நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழக்கங்களைக் கமக்காரர் தாமே கூடி மீண்டும் நிலைநிறுத்திக்கொள்ள அது வழி செய்தது. கடலுக்கப்பால் சென்னை மாகாணத்திலும் இதே தொல்லை இருந்தது. அங்கே குடிமராமத்து என வழங்கிய ஊர்ப்பணியை வலியுறுத்த 1858இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இரண்டாண்டு இடைவெளியில் இரு கரைகளிலும் ஒரே கவலை எழுந்தமை நோக்கத்தக்கது. கட்டாயத்தை நீக்குவது எளிது. அது செய்துவந்த வேலையை யார் தலைமேற் கொள்வது என்பதை முடிவு செய்வதே அரிது என்று அவ்விரு சட்டங்களும் உணர்த்துகின்றன.

கட்டுக்கரைக்கு முற்றிலும் மாறான காட்சியை மன்னாரின் தென்கரையில் முத்துக்குளிப்பு அளித்தது. சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டி ஆகிய கரையோரங்களிலே, பார்களிற் சிப்பி முதிர்ந்த ஆண்டுகளில், வெறும் மணல்மீது சில வாரங்களுள் ஒரு பட்டினம் எழும். ஓலைக் கொட்டில்களோடு கடைவீதி, வைத்தியசாலை, நீதிமன்றம், காவல் நிலையம் யாவும் தோன்றும். இந்தியக் கரைகளிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிவர். சிப்பிகளைக் கொட்டு எனப்பட்ட அடைப்பினுள் எண்ணி, அரசாங்கத்துக்கு இரண்டு பங்கும் குளியாளருக்கு ஒரு பங்கும் பிரிப்பர். வாங்கியோர் அவற்றை அழுகவிட்டு, பின்னர் கழுவி முத்தெடுப்பர். கோடிக்கணக்கான சிப்பிகள் வெயிலில் அழுகும் நாற்றத்தையும், கருமேகம்போல் மொய்த்த ஈக்களையும் 1906இல் அங்குக் கடமையாற்றிய லெனாட் வூல்வ் தம் வாழ்க்கை வரலாற்றிற் குறித்துள்ளார்.

அவ்விடத்தில் துப்புரவு இல்லாமலில்லை. வாந்திபேதிக்கு அஞ்சிய அரசாங்கம் கடுமையான சுகாதார விதிகளை வகுத்துக் காவலரைக் கொண்டு நடத்தியது. ஆனால் அந்தத் துப்புரவு மேலிருந்து வந்த ஆணையாகும். குளிப்பு முடிந்ததும் பட்டினம் கலையும். ஆணையும் அதனோடு கலையும். எஞ்சி நிற்பது சிப்பியோட்டுக் குவியல் மட்டுமே. அந்த மண்ணைத் தன்னுடையதென்று கருதும் ஊரவன் அக்கூட்டத்திற் சிலனாகவும், வந்து போகின்றவன் பலனாகவும் இருந்தமையால், விட்டுச் செல்லும் இடத்தைப் பற்றிய கவலை எவரையும் பற்றிக்கொள்ளவில்லை. 1905ஆம் ஆண்டின் பெருங்குளிப்புப் போன்றதொன்று பின்னர் நிகழவில்லை.

மூன்றாவது வழி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தோன்றிற்று. 1951இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கினார். நிலமுள்ளவன் நிலத்தைத் தருவதுபோல, அஃதில்லாதவன் உழைப்பைத் தரலாம் என்ற கருத்து சிரமதானம் என்ற பெயரோடு இந்தியாவெங்கும் பரவியது. இலங்கையில் அதற்குப் புதிய உருவம் கொடுத்தவர் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின. 1958இல் அவர் தம் மாணவர்களையும் உடன் ஆசிரியர்களையும் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவை என்னும் கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அது சமூகத்தினால் மிகத் தாழ்வாக ஒதுக்கப்பட்ட றொடி மக்களின் குடியிருப்பு. நகர மாணவர் அவ்வூராரோடு சேர்ந்து மண் வெட்டினர், உடனிருந்து உண்டனர். சர்வோதய சிரமதான இயக்கத்தின் தொடக்கம் அதுவே. 1969இல் மகசேசே விருது பெற்ற ஆரியரத்தின 2024 ஏப்ரலில் மறைந்தார். சிரமதானம் என்ற சொல்லோ பாடசாலை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எனும் வேறுபாடின்றி இலங்கைத் தமிழரின் நாட்சொல்லாகிவிட்டது.

கனத்தொலுவையில் நிகழ்ந்த வேலையைக் காட்டிலும் அங்கு நிகழ்ந்த சந்திப்பே சிறந்தது என்பதை மறத்தலாகாது. அழுக்கை அகற்றும் தொழிலைப் பிறப்போடு பிணைத்த நாடுகளில், பிறர் அந்த வேலையைத் தொடுவதே ஒரு மாற்றம். ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையின் மாநகரசபைகள் தெருக்கூட்டவும் மலக்கூடை சுமக்கவும் தென்னிந்தியாவிலிருந்து ஏழைத் தமிழரைத் தருவித்தன. கண்டியின் மகியாவைக் குடியிருப்பு இன்றும் அவ்வரலாற்றைத் தாங்கி நிற்கிறது. ஒருநாள் துப்புரவுக்கு வரும் கனவான்கள் கைகழுவிப் படமெடுத்துக்கொண்டு வீடு திரும்புவர். மறுநாட் காலையில் அதே வீதிக்கு நகரசபைத் தொழிலாளி தனியே வருவான். முன்னவருக்குப் புகழும் பின்னவனுக்கு இகழ்ச்சியும் கிடைக்குமாயின், அந்தச் சிரமதானத்தில் தானம் இருக்கலாம், சமத்துவம் இல்லை. எனவே இத்தகைய நாளொன்றை ஒழுங்குசெய்வோர் முதன்முதலாக ஆலோசனைக்கு அழைக்க வேண்டியவர் அத்தொழிலாளரே. எந்த வடிகால் எங்கே அடைக்கும், எந்தச் சந்தியில் எந்த நாளில் குப்பை சேரும், கழுதைகள் எக்குவியலைக் கிண்டும் என்பவற்றை அவரினும் நன்கறிந்தார் எவருமிலர்.

மன்னாரின் வரலாற்றில் இதன்பின் வந்தது பேரிடர்க் காலம். 1990இல் போர் மூண்டதும் பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் தமிழர் பலர் படகேறித் தமிழ்நாட்டுக்குச் சென்றனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் ஒரே வாரத்தில் வெறுமையாயின. பெருநிலத்திலே முசலியும் மாந்தையும் காடேறின. 2009இல் போர் முடிந்து மக்கள் மீளத் தொடங்கியபோது, முன்னே கண்ணிவெடி அகற்றுவோர் செல்ல, பின்னேதான் மண்வெட்டி செல்ல முடிந்தது. இருபதாண்டு ஆள் நடமாட்டமற்ற ஊரில் வீடு கட்டுவதற்கும் முந்திய வேலை கிணறு இறைப்பது. தூர்ந்து, பற்றை மூடி, உள்ளே என்ன கிடக்கிறதென்று அறியப்படாத கிணற்றை ஒருவன் தனியே இறைத்தல் இயலாது. மேலே நிற்போர், உள்ளே இறங்குவோர், வாளி வாங்குவோர் என ஆள் வேண்டும். அயலவனோடு மீண்டும் பேசத் தொடங்குவதற்கு அந்தக் கிணற்றுக்கட்டே பலருக்கு இடமாயிற்று. சிரமதானம் என்ற பெயரைச் சூட்டாமலே நடந்த சிரமதானம் அது.

இதுகாறும் கூறியவை அனைத்தும் ஊரார் தாமே உண்டாக்கிய அழுக்கையும், இயற்கையும் போரும் மூடிய இடங்களையும் பற்றியவை. இப்பொழுது மன்னார்க் கரைக்கு மற்றோர் அழுக்கு வருகிறது. அதனை ஆக்கியோர் இவ்வூரார் அல்லர். 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அண்மையில் எக்ஸ்-பிறஸ் பேள் என்னும் கப்பல் தீப்பற்றி, யூன் மாதத்தில் மூழ்கியது. அது ஏற்றிவந்த 1,600 தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் மூலமணிகள் கடலிற் கலந்தன. 2025 மே 25ஆம் நாள் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 600க்கு மேற்பட்ட கொள்கலன்களுடன் மூழ்கிற்று. அதிலிருந்து சிதறிய மூலமணிகளைச் சோளகக் காற்றும் நீரோட்டமும் குமரிமுனையைச் சுற்றிக் கொண்டுவந்து, யூன் மாதத்தில் மன்னார்க் கரையிலும் ஒதுக்கின.

இம்மணிகள் சில மில்லிமீற்றர் அளவினவே. பிளாஸ்டிக் பொருள் செய்யும் ஆலைகளுக்கு மூலப்பொருளாகச் செல்வன. பார்வைக்குச் சவ்வரிசி போல இருக்கும். மீன்முட்டையென மயங்கி மீனும் கடற்பறவையும் இவற்றை விழுங்கும். விறாண்டியால் வாரினால் மணலோடு புதையும். கையாற் பொறுக்கப் புகுந்தால் ஆயுள் போதாது. மணலை அரிதட்டிலிட்டு அரித்தே பிரிக்கவேண்டும். பொத்தலையும் போத்தலையும் பொறுக்கப் பழகிய தொண்டருக்கு இது புதிய பாடம். வங்காலைச் சரணாலயம் இக்கரையிலேயே உள்ளது. செங்கால் நாரையும் பூநாரையும் வந்து தங்கும் அந்த உப்புச் சதுப்பு 2010இல் இறம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே மணலை ஆழக் கிளறுவதும் தீங்காதலால், துப்புரவுக்கும் ஓர் அளவு உண்டென்பதைத் தொண்டர் அறிதல் வேண்டும்.

பிறர் எறிந்த அழுக்கை ஊரவர் அள்ளுவதனாற் பயன் யாது என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. அலை நாளையும் கொண்டுவரும். அள்ளிய கை சலிக்கும். இதற்கு விடையளிக்கும் வரலாறொன்று அமெரிக்காவின் தெக்சாசுக் கரையில் உண்டு. 1986இல் அங்கே கரைத் துப்புரவுக்கு ஏறத்தாழ 2,800 பேர் கூடினர். அள்ளுவதோடு அமையாது, அள்ளிய ஒவ்வொரு பொருளையும் வகைப்படுத்தி எண்ணி அட்டையிற் குறிக்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டனர். கரையிற் கிடந்தவற்றுள் கப்பல்களிலிருந்து வீசப்பட்டவை எவை என்பதை அந்த எண்கள் காட்டிக்கொடுத்தன. கப்பல்கள் கடலிற் பிளாஸ்டிக்கை வீசுவதைத் தடைசெய்யும் அனைத்துலக விதி 1988 டிசெம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு ஆதரவு திரட்டியோர் கையில் இத்தகைய கணக்குகள் இருந்தன. செப்டெம்பர் மாதத்து மூன்றாம் சனிக்கிழமையில் உலகெங்கும் நிகழும் கரைத் துப்புரவு அந்த முயற்சியின் வழித்தோன்றலே. அள்ளுவதனால் கரை ஒருநாள் சுத்தமாகும். எண்ணுவதனால் குற்றவாளி யாரென்பது தெரியும். 2025 யூலையில் இலங்கை உயர்நீதிமன்றம் எக்ஸ்-பிறஸ் பேள் வழக்கில் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் இரக்கத்தைக் கொண்டு தீர்ப்பெழுதுவதில்லை, சான்றையே கேட்கும். கரையில் நிற்கும் மாணவனின் குறிப்பேடும் ஒருநாட் சான்றாகலாம்.

வீட்டுக் குப்பைக்கும் இவ்வாறே. 2017 செப்டெம்பர் முதல் 20 மைக்கிரோனிலும் மெல்லிய பொலித்தீனும் உணவு சுற்றும் தாள்களும் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. 2021இல் மற்றுஞ் சில பொருள்கள் அப்பட்டியலிற் சேர்ந்தன. தடை வந்த பின்னரும் அப்பொருள்கள் வடிகாலிற் கிடக்குமாயின், எண்ணப்பட்ட கணக்கே நகரசபையின் முன்னும் வணிகரின் முன்னும் வைக்கத்தக்க முறைப்பாடாகும்.

இனி நாளைத் தெரிவு செய்யும் முறையை நோக்குவோம். மன்னாரில் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையே பெய்கிறது. வாய்க்காலையும் அணையையும் அதற்கு முன்னர் வெட்டித் திருத்திய கமக்காரர், உலகத் துப்புரவு நாளைப் பற்றி எவரும் நினைப்பதற்குப் பல நூற்றாண்டு முன்னரே செப்டெம்பரின் பொருளை அறிந்திருந்தனர். தாழ்ந்து கிடக்கும் மன்னார் நகரில் மழைக்கு முன் ஒரு மதகைத் திறந்துவிடுவது, மழைக்குப் பின் பத்து வீடுகளிலிருந்து வெள்ளம் இறைப்பதற்கு ஈடாகும். கரைக்கோ காற்றே நாட்காட்டி. சோளகக் காலத்தில் வளைகுடாப் பக்கத்துத் தென்கரையிலும், வாடைக் காலத்தில் பாக்குக் கடற்பக்கத்து வடகரையிலும் ஒதுக்கு மிகும். ஆதலின் ஒரு காற்றின் முடிவில் ஒரு கரையும் மறுகாற்றின் முடிவில் மறுகரையும் துப்புரவாதல் தகும். இதனைக் கற்பிக்க நூல் வேண்டியதில்லை. கரையில் வலைபொத்தும் எந்த முதியவரும் சொல்வார்.

அம்முதியவரிடம் கற்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. கரைவலை இழுப்போருக்குக் கரை முழுவதும் பொதுவன்று. ஒவ்வொரு வலைக்கும் பாடு என்னும் எல்லை உண்டு. அந்தப் பாட்டிலே கல் கிடந்தால் வலை கிழியும்; ஆகவே வலைக்காரர் அதனைத் தாமே அகற்றுவர். இழுப்பவர் அனைவரும் ஒரே கயிற்றைப் பிடிப்பர்; மீன் பங்காகும். கட்டுக்கரையின் வாய்க்காற் பங்கும் கரைவலையின் பாடும் ஒரே அறிவின் இரு வடிவங்கள். எல்லோருக்கும் உரிய இடம் எவருக்கும் உரியதாகாமற் போகும் இடையூற்றை, எல்லை வகுத்துப் பெயர் குறித்து முன்னோர் நீக்கினர்.

ஆதலால் துப்புரவு நாளொன்றை நடத்த எண்ணும் ஊரார் செய்யத்தக்கது பெரிதன்று. நாளுக்கு ஒரு மாதம் முன்னர் கூடி, வீதியையும் வடிகாலையும் கரையையும் பாடுகளாகப் பிரித்தல். பாடசாலை, மீனவர் சங்கம், மாதர் சங்கம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டை ஒப்புவித்தல். மண்வெட்டி, விறாண்டி, கடகம், அரிதட்டு, கையுறை, குடிநீர் ஆகியவற்றைக் கணக்கிடுதல். அள்ளியதை எரியாமலும் மணலிற் புதையாமலும் எங்கு சேர்ப்பது என்பதை நகரசபையோடு முன்னரே முடிவு செய்தல். எண்ணிய கணக்கை எழுதி ஊரறிய ஒட்டுதல். இவற்றுள் இறுதி இரண்டையும் மறந்து முதல் மூன்றை மட்டும் செய்யும் நாள், குப்பையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றும் நாளாகவே முடியும். எரித்த பொலித்தீனின் நஞ்சு காற்றிலும், புதைத்ததன் கசிவு கிணற்றிலும் மீண்டு வரும்.

நாள் முடிந்த பின்னரும் பாடு முடியாது. அடுத்த காற்று மாறும்போது அதே பெயருடையோர் அதே எல்லையிற் சென்று பார்க்கவேண்டும். ராசகாரியத்தின் கொடுமையின்றி அதன் ஒழுங்கையும், முத்துக்குளிப்புப் பட்டினத்தின் மறதியின்றி அதன் விரைவையும், கனத்தொலுவையின் தோழமையையும் ஒருங்கே பெறத்தக்க வழி இதுவொன்றே எனலாம்.

மன்னார்த்தீவின் மணல் மிக மெல்லியது. அதன்கீழ் நிற்கும் நன்னீர் அதனினும் மெல்லியது. இந்துவின் கிணறும் கத்தோலிக்கரின் கிணறும் முஸ்லிமின் கிணறும் அடியிலே ஒரே நீரிலேயே நிற்கின்றன. இருபதாண்டு பிரிந்திருந்து திரும்பியவர்கள் அந்த நீரையே மீண்டும் மொண்டு குடிக்கின்றனர். அயலவன் தன் பாட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறான் என்ற நம்பிக்கையோடுதான் அங்கு ஒவ்வொரு தாயும் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கிறாள்.